யார் காட்டும் மலை?

(அட்டனில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பெரியவர்களே, தாய்மாரே, வழிகாட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளும் ஆசையோடு டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் இந்த மழையில் வந்து அமர்ந்திருக்கிற தம்பி தங்கைகளே,

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு விடுமுறைப் பயணம். நம்முடைய விடுமுறை அல்ல. நமக்கு விடுமுறை ஏது? நம் மலைக்கு வருகிறவர்களின் விடுமுறை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் இந்தத் தீவுக்கு வந்து போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கண்டியைத் தாண்டி மேலே ஏறுகிறார்கள். நீலநிறக் கோச்சியின் வாசலில் தொங்கியபடி படம் எடுக்கிறார்கள். நானுஓயாவில் இறங்குகிறார்கள். வான் காத்திருக்கிறது. வானுக்கு முன்னால் ஒருவர், கையில் பெயர்ப் பலகையோடு நிற்கிறார். அடுத்த மூன்று நாளைக்கு இந்த மலை எது, இந்த மக்கள் யார், இந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்று அந்த ஒருவர் சொல்வதுதான் வேதம்.

அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ வாகனத்தோடு வருகிற சாரதி. நல்ல மனிதர், கெட்டிக்காரர், நான்கு மொழியில் வணக்கம் சொல்வார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மலையில் பிறந்தவர்கள் நாம் எங்கே இருக்கிறோம்? ரோட்டோரத்தில் கூடையோடு நிற்கிறோம். படத்துக்குள் இருக்கிறோம். கதைக்குள் இல்லை. இதைத்தான் இன்று மாலை முழுவதும் பேசப் போகிறேன்.

முதலில் பாரம்பரியம் என்று காட்டப்படுவதைப் பார்ப்போம்.

எந்தப் பயணமும் ஜேம்ஸ் டெய்லரிடம்தான் தொடங்கும். ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1852இல், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக இங்கே வந்தார். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி செத்தது, தேயிலை பிழைத்தது. இதெல்லாம் உண்மை, சொல்லத்தான் வேண்டும். அவருடைய கல் ஆசனத்தை இன்றும் காட்டுகிறார்கள். மலை விளிம்பில் அதில் உட்கார்ந்து படம் எடுக்காதவர் இல்லை.

அந்தக் கதையின் முடிவை யாராவது சொல்கிறார்களா? 1892இல் டெய்லர் இறந்தார். பெருத்த உடம்பு. கண்டி மஹய்யாவை மயானம் வரைக்கும் 24 ஆட்கள், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, முறைமாற்றி அவரைச் சுமந்து போனதாகச் சொல்வார்கள். தோட்டத்து ஆட்கள் பின்னால் நடந்தார்கள். அவர்கள் அவரைச் 'சாமித் துரை' என்று அழைத்தார்களாம். கல்லறையில் துரையின் பெயர் இருக்கிறது. சுமந்த 24 பேரில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

அதே ஹேவாஹெட்டை மலையில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த அந்தத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கி வெடித்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைத்தான் நாம் நினைவுகூருகிறோம். லூல்கந்துரைக்குப் போகிற வான் முல்லோயாவுக்கு ஏன் திரும்புவதில்லை? அங்கே கல் ஆசனம் இல்லை என்பதாலா? ஒரு பெயரும் ஒரு திகதியும் இருக்கின்றனவே, போதாதா? தேயிலை எப்படி வந்தது என்று கேட்கிறவனுக்கு, அது யார் தலையில் ஏறி வந்தது என்று தெரிந்துகொள்ளவும் ஆசை இருக்கும். நாம்தான் அவனுக்கு ஆசை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இனி நமக்குப் பக்கத்திலேயே உள்ள பொகவந்தலாவைக்கு வாருங்கள். சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். அங்கே உறங்குகிற ஒரு பெண்மணியைத் தேடி இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஜூலியா மார்கரெட் கேமரன். புகைப்படக் கலை பிள்ளையாக இருந்த காலத்திலேயே அதைக் கலையாக உயர்த்தியவர்களில் ஒருவர். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படம் பிடித்த கை அது. அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கையின் நிர்வாகத்தையே திருத்தியமைத்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன். 1875இல் இருவரும் இங்கே குடிவந்தார்கள். 1879இல் அம்மையார் இந்த டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கண்மூடினார். அடுத்த ஆண்டு கணவரும் அவரருகே வந்து சேர்ந்தார்.

இலங்கையில் இருந்தபோது அம்மையார் களுத்துறையில் நம் தமிழ் உழைப்பாளிகளைப் படம் எடுத்தார். நான் அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அழகான படங்கள், அதை மறைக்க வேண்டாம். ஒரு பெண், தலையில் பாரம் இல்லாமல், கண்ணுக்குக் கண் பார்க்கிறாள். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது: டார்வின், டெனிசன். இங்கே எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் இல்லை; உழைப்பாளிகள், குடியானவர்கள் என்று பொதுவாக ஏதோ ஒன்று. ஏறத்தாழ 150 வருடமாகிவிட்டது. இன்றைக்கு லிந்துலை ரோட்டில் வானை நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்க" என்று சைகை காட்டி, படம் எடுத்து, நூறு ரூபாவைக் கையில் வைத்துவிட்டுப் போகிறவர் அந்த அக்காவின் பெயரைக் கேட்கிறாரா? கேட்கச் சொல்லிக்கொடுக்கிற வழிகாட்டி உண்டா?

தம்பி தங்கைகளே, நீங்கள் வழிகாட்டியானால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். கெமராவுக்கு முன்னால் பெயர். "இவர் இன்னார். இன்ன மலையில் கொழுந்தெடுக்கிறார். படம் எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்." இவ்வளவுதான். இதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. இதைச் செய்து பாருங்கள், அந்த வெள்ளைக்காரரின் முகம் மாறுவதையும் பார்ப்பீர்கள், அந்த அக்காவின் முகம் மாறுவதையும் பார்ப்பீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்று யார் வேண்டுமானாலும் கெமராவோடு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் கோ. நடேசய்யர் இந்த மக்களைப் பார்க்க வேண்டும் என்று துணி மூட்டையைச் சுமந்து, புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். பார்த்ததை எழுதினார், பேசினார். 1931இல் இதே அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடக்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். இந்த ஊரின் பாரம்பரியச் சின்னம் எது என்று என்னைக் கேட்டால், மணிக்கூட்டையோ பழைய பங்களாவையோ காட்டமாட்டேன். அந்தத் துணி மூட்டையைச் சொல்வேன். அதற்கு நூதனசாலை இல்லை. வாயில்தான் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

பங்களாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் விருந்தினர் மாளிகைகளாக இருக்கின்றன. கந்தப்பளைப் பக்கம் ஒரு பழைய தேயிலை ஸ்டோர் முழுவதுமே ஹோட்டலாகிவிட்டது. அங்கே நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, நல்லதுதான். வெள்ளி ட்ரேயில் தேநீர் கொடுக்கிற வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ட்ரேயை வைத்துவிட்டு, "இந்தத் தேநீரின் கதை தெரியுமா, சேர்?" என்று கேட்கிற வேலையும் நமக்கு வேண்டும் என்கிறேன்.

அடுத்து, காடு. இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க ஆசைப்படுகிறேன்.

நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸ் என்பவருடைய கல்லறை இருக்கிறது. அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். செத்த பிறகும் அவர் கல்லறையில் மின்னல் விழுகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யானைகளின் சாபம் என்பார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு ஹோட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தினார். அங்குள்ள நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். சமவெளிக்குப் பெயர் கொடுத்தவரோ வில்மட் ஹோட்டன் என்ற தேசாதிபதி. யானையைக் கொன்றவன் பெயர், மரையை விரட்டியவன் பெயர், ஆண்டவன் பெயர், எல்லாம் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சமவெளியில் யானை மட்டும் இல்லை.

மரை இருக்கிறது. விடியற்காலையில் பனி மூடிய புல்வெளியில் கூட்டமாக நிற்கும். உலக முடிவு என்று பெயர் வைத்த அந்த விளிம்பில் நின்றால் ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம்; ஒன்பது, பத்து மணிக்கு முகில் ஏறிவிட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். எனவே நாலரை மணிக்கே ஆளை எழுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கேதான் தலைநீர். அழிந்தே போய்விட்டது என்று எண்ணப்பட்ட ஒரு வகைத் தேவாங்கை இங்கே இரவில் படம் பிடித்தார்கள். 2010இல் அது உலகச் செய்தியானது. அதே ஆண்டில்தான் ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இருக்கிறது, இந்தத் தீவின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு அதைக் காட்டிவிட்டால் வேறு எதையும் காட்ட வேண்டாம்!

இந்தக் காடு எப்படித் தப்பியது? கோப்பிக்காகக் கீழே இருந்த காடெல்லாம் விழுந்துகொண்டிருந்த நாளில், 1873இல், ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலே வெட்டாதீர்கள் என்று அறிவுரை எழுதினார். அதனால்தான் மேலே காடு, கீழே தேயிலை. நம் தோட்டத்தின் மேல் மலையில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற கோடு ஒன்று இருக்கிறதே, அது இயற்கை போட்ட கோடு அல்ல.

அந்தக் கோடு நமக்குத் தெரியும். சிறுத்தைக்குத் தெரியுமா?

தெரியாது. சிறுத்தை பார்க்க வேண்டும் என்றால் யால தேசியப் பூங்காவுக்குப் போ என்பார்கள். நம் மலையிலும் சிறுத்தை இருக்கிறது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் காட்டுத் துண்டுகளுக்கும் தேயிலைக்கும் நடுவே நடமாடுகிறது. ஆய்வாளர்கள் இந்தத் தோட்டங்களில் கெமராப் பொறி வைத்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அதைப் படித்தவர்கள் யார்? லயத்தில் நாய் காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள். கொழுந்து மலைக்குள் இறங்குவதற்கு முன் சத்தம் போட்டுத் தட்டிவிட்டு இறங்கு, படுத்திருக்கிறது திடுக்கிட்டால்தான் பாயும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். பெரட்டுக்களத்தில் காலையில் இதைப் பேசிக்கொள்கிறார்களே, எந்தக் கானோரத்தில் கால் தடம், எந்த மலையில் காட்டுப்பன்றி கிளறியிருக்கிறது என்று, அது அறிவு இல்லையா? அதை அறிவு என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மே மாதம். நல்லதண்ணிக்குப் பக்கத்தில் லக்சபானத் தோட்டம். மரக்கறித் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை, கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகி உயிரோடு மாட்டிக்கொண்டிருந்தது. கருஞ்சிறுத்தை இந்தத் தீவில் எவ்வளவு அரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. சுருக்கு அதற்கு வைத்ததல்ல, பன்றிக்கு வைத்தது. இந்த மலைகளில் சிறுத்தையைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கியல்ல. சைக்கிள் பிரேக் கம்பி போன்ற ஒரு துண்டுக் கம்பி.

சுருக்கு வைத்தவரை நான் வில்லன் ஆக்கமாட்டேன். நாட்சம்பளம் பற்றாமல், லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கரட்டும் லீக்ஸும் போட்டு, விடியும்போது பன்றி எல்லாவற்றையும் உழுதுவிட்டுப் போயிருந்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? ஆனால் கணக்கை இப்படியும் பார்க்கலாம். ஒரு சிறுத்தை உயிரோடு நடமாடுகிற தோட்டம் என்றால் அதைத் தேடி ஆள் வருவான். அந்த ஆளுக்கு வழிகாட்ட அதே லயத்துப் பிள்ளை போனால், சுருக்கைக் கழற்றுகிற முதல் கையும் அந்தப் பிள்ளையின் கையாகத்தான் இருக்கும். வேலி போடவும் நட்டத்தை ஈடுகட்டவும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு பாத்திக்காரருக்குப் போக வேண்டும். வருமானம் பங்களாவோடு நின்றுவிட்டு, பன்றி மட்டும் லயத்துக்கு வந்தால் சுருக்கு நிற்காது.

பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவை நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிறீம் சாப்பிடப் போகிற இடமாகத்தான் நினைக்கிறோம். குளிர்காலத்தில் அங்கே தொலைநோக்கியோடு வந்து நிற்கிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் தெரியுமா? காஷ்மீரில் கூடு கட்டிவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற ஒரு சின்ன ஈப்பிடிப்பானை. ஆறுமணிக்குருவியும் அங்கே வருகிறது. அவையும் நம் முன்னோரைப் போலக் கடல் தாண்டி வந்தவைதான். திரும்பிப் போக அவற்றுக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை, அதுதான் வித்தியாசம். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள் நாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், விருந்தினர் மறக்கமாட்டார்.

சிவனொளிபாதமலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை அட்டன் தூங்குவதே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் இபுனு பதூதா ஏறிய மலை. நாலு மதத்தாரும் தம் பாதம் என்று கும்பிடுகிற மலை. போகிற வழியில் ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றுகிற வருடங்களில் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். ஒரு பட்டணமே முழுகித்தான் நமக்கு மின்சாரம் வந்தது.

சீதா எலியவைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இராமாயணப் பயணம் என்றே வருகிறார்கள். 2024 மே மாதம் சீதையம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் திரண்ட கூட்டத்தை நாம் பார்த்தோம். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் நம்பிக்கையை நம்பிக்கை என்று சொல்லுங்கள், சரித்திரத்தைச் சரித்திரம் என்று சொல்லுங்கள். இரண்டையும் குழப்பிப் பேசுகிற வழிகாட்டியை, பக்தரும் மதிக்கமாட்டார், படித்தவரும் மதிக்கமாட்டார்.

இப்போது ஒரு கேள்வி இந்த மண்டபத்தில் எழும். எழ வேண்டும். "நம் வறுமையைக் காட்டிக் காசு வாங்கச் சொல்கிறீர்களா?"

இல்லை. லயம் மிருகக்காட்சிச்சாலை அல்ல. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஒருவருடைய காம்பராவுக்குள் நுழையாதீர்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் படம் எடுக்க விடாதீர்கள். காமன் கூத்தைப் பதினைந்து நிமிட நாடகமாக வெட்டி ஹோட்டல் முற்றத்தில் ஆடாதீர்கள். மாசியில், தோட்டத்தில், விடிய விடிய நடக்கும்போது வரச்சொல்லுங்கள், குளிரில் நின்று பார்க்கட்டும். அழைத்தவர் வீட்டில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டால் அது விருந்து. அழைக்காத வீட்டை எட்டிப் பார்த்தால் அது வேறு.

வழி திறந்துதான் இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ நடைபாதை 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். நம் தோட்டங்களின் நடுவேதான் போகிறது. அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதையா? இல்லை. கொழுந்துக் கூடை சுமந்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து நடந்து போட்ட பாதை. அதே 2023இல்தான் நம்மவர்கள், முன்னோர் இங்கே வந்த 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த வழியை நடந்தார்கள். ஒன்று உல்லாச நடை, மற்றது நினைவு நடை. இரண்டையும் இணைத்துச் சொல்லத் தெரிந்தவர் இந்த மண்டபத்தில்தான் இருக்க முடியும்.

அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை பிரித்திருக்கிறது. தேசிய வழிகாட்டி என்ற பெயரைக் கேட்டு மலைத்து உட்காராதீர்கள். பிரதேச வழிகாட்டியிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. சிங்களமும் வேண்டும், ஏனென்றால் கொழும்பிலிருந்து வருகிற உள்நாட்டுக் குடும்பங்களுக்கும் இந்தக் கதை தெரியாது. அவர்களுக்குத் தெரிவது வெள்ளைக்காரருக்குத் தெரிவதைவிட முக்கியம் என்றுகூட நினைக்கிறேன்.

வழிகாட்டி வகுப்புத் தொடங்கும் முன் வீட்டுப்பாடம் ஒன்று கொடுக்கிறேன். உங்கள் தோட்டத்தில் இருக்கிற மிக மூத்த பாட்டியிடம் போய் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தான், முதல் காம்பரா எது, எந்த மலையில் யாரைப் புதைத்தார்கள், சிறுத்தை வந்த கதை, கூத்தில் ரதி வேடம் போட்டவர் யார். பெயர்களைத் தவறாமல் எழுதுங்கள். அடுத்த பருவம் டிசம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் ஆளுக்கு ஒரு பதிவாவது கொண்டுவாருங்கள். கொண்டுவந்தவர்களிடமிருந்துதான் வகுப்பைத் தொடங்குவேன்.

மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகிற கடைசி பஸ் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே முதல் கேள்விகளை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கட்டும். அட்டன்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.